இரண்டாம் எடை

லாபிஸ் எண்ணெய் மில்லில்
லோரி எடைபோடும் பாலத்துக்குப் பக்கத்து அறையில்
பதினான்கு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.
பழத்தோடு ஏறும் வண்டிக்கு ஓர் எடை,
கொட்டிவிட்டு வரும்போது இன்னொன்று.
கழித்தால் மிஞ்சுவதுதான் தோட்டத்துக்குக் காசு.
எனக்குத் தெரிந்த கணக்கு இது ஒன்றே.
இதை வைத்துக்கொண்டுதான்
சுவிட்சர்லாந்துக்குத் திட்டம் போட்டோம்,
நானும் பள்ளி வேன் ஓட்டும் கோகிலவாணியும்.

ஒரு பிராங்க் ஐந்து வெள்ளி.
தூக்கத்திலும் ஐந்தால் பெருக்குகிறேன்.
அங்கே ஒருத்தி குடிக்கும் காப்பிக் காசில்
இங்கே ஆறு பேர் ரொட்டி சானாயோடு பசியாறலாம்.
காப்பி வேண்டாம் என்பது முதல் தீர்மானம்.
கழிப்பறைக்குக் காசு கேட்கும் ஊராம்,
ரயிலிலேயே முடித்துக்கொள்வது.
தெருவோரத் தொட்டியில் கொட்டும் தண்ணீரைக்
குடிக்கலாமாம், இலவசமாம்.
இதற்கு வாணி எழுந்து நின்று கைதட்டினாள்.
போன வாரம் எங்கள் வீட்டுக் குழாயில் வந்தது
தேநீர் நிறம்.

ஏப்ரலில் போகிறோம்.
பனிச்சறுக்குக்காரர்கள் வீடு திரும்பியிருப்பார்கள்,
கோடைக்காரர்கள் கிளம்பியிருக்க மாட்டார்கள்.
பாதிக் கடை பூட்டு, தொங்கு வண்டிகளுக்குப் பழுதுபார்ப்பு,
அதனால் படுக்கை மலிவு:
எட்டுப் பேர் அறையில் மேல்தட்டு இரண்டு.
இங்கேயும் அப்போது பழம் குறைவு,
மேனேஜர் முகம் சுளிக்காமல் லீவு தருவார்.
இரண்டு ஊரும் ஒரே நேரத்தில்
கொஞ்சம் சும்மா இருப்பது
எங்கள் அதிர்ஷ்டம்.

"குளிருக்குத்தானே? கேமரன் போதாதா?"
என்கிறார் கணக்குப் பிரிவு சுப்பராயன்.
போனோமே, பள்ளி விடுமுறையில்.
நான்கு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்து
முன்னால் நின்ற வண்டியின் எண்ணை
மனப்பாடம் செய்துவிட்டுத் திரும்பினோம்.
ஏன் அவ்வளவு தூரம் என்பதற்கு
இன்னும் பதில் தயாரிக்கவில்லை.
அதற்குச் செலவில்லை, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டுப் பணம் எனக்கு எட்டாவது மாதம் விழுந்தது.
வாணியுடையதை வேன் டயர் பாதி தின்றது.
ரொஹாயா, மகன் ஜப்பானுக்குப் போட்டுப் போன
குளிர்ச்சட்டையைக் கொடுத்தாள்.
தோள் சரி, கை நீளம்.
விரல் மறைகிறது; கையுறைக் காசு மிச்சம்.

இடித்தது உச்சிக்குப் போகும் ரயில்தான்.
போய்வர ஓர் ஆளுக்கு
ஆயிரம் வெள்ளிக்கு மேல்.
மூன்று இரவு அதையே பேசினோம்.
ஒருத்தி மட்டும் ஏறிப் பார்த்து
மற்றவளுக்கு வந்து சொல்வது என்றுகூட.
சீட்டுக் குலுக்க உட்கார்ந்தபோது
துண்டுத்தாளை மடிக்காமலே வாணி சொன்னாள்:
"நீ சொல்றத நான் நம்பமாட்டேன்."
ஆகவே இருவரும் அடிவாரம்.
நிமிர்ந்து பார்க்க டிக்கெட் கிடையாது,
விசாரித்துவிட்டோம்.

பெட்டியில் மேகி இருபது, அரிசி, நெத்திலிச் சம்பல்,
குட்டி ரைஸ் குக்கர், அந்த ஊர்ச் சுவருக்கான பிளக்.
விமானத்தில் ஆளுக்கு இருபத்து மூன்று கிலோ.
ஞாயிறு மாலை, வண்டி ஓய்ந்த நேரம்,
பெட்டியை உருட்டிப் போய்
அறுபது டன் தாங்கும் பாலத்தின் நடுவில் நிறுத்தினேன்.
இருபது இருபதாகத்தான் எண்ணும் அது.
இருபது என்றது.
கைப்பழக்கத்தில் பொத்தானை அழுத்திவிட்டேன்,
சீட்டும் வந்தது:
வண்டி எண் இல்லை, சரக்கு இல்லை,
முதல் எடை இருபது,
இரண்டாம் எடைக்கான கட்டம்
திரும்பி வரும்வரை காலி.

வாணி ஊறுகாய்ப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு
பாலத்தின் அந்தப் பக்கமிருந்து கத்துகிறாள்:
"இருபதா, இருபத்தொன்பதா?"
பாலத்துக்குத் தெரியாது.
"போடு," என்றேன்.